மெயின்லேண்ட் விலாசம்

அந்தமான் தீவில் பிறந்தவர்களுக்கு மெயின்லேண்ட் என்றால் வெங்காயம் வருகிற திசை. பெரிய டாக்டரும் அங்கிருந்துதான் வருவார். கப்பல் தாமதமானால் இரண்டும் வராது. "மெயின்லேண்ட் போயிருக்காங்க" என்று சொன்னால் சென்னையா கல்கத்தாவா என்று யாரும் கேட்பதில்லை. அகராதியில் பெருநிலம் என்று போட்டிருக்கலாம். போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் பதினாறு வருஷம் குப்பை கொட்டிய எனக்கு அகராதி எதற்கு?

சிப்பிகாட் கிராமத்தில் கீரை போடுகிற பொன்னம்மாக்கா அன்று முதல் ஆளாக நின்றார். புருஷன் காத்தமுத்துவுக்கு இதய வால்வு பழுது. சென்னையில் ஆபரேஷனுக்கு வெள்ளிக்கிழமை தேதி கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கப்பலை விட்டால் அடுத்தது பன்னிரண்டு நாள் கழித்துத்தான். அத்தனை நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விமானத்துக்கு வசதி கிடையாது.

நோயாளி என்றால் மெயின்லேண்டில் பொறுப்பேற்பவரின் விலாசம் வேண்டும். படிவத்தில் அதற்கான கட்டத்தில் அக்கா ஒரு கோடு இழுத்திருந்தார். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்திருந்த அதிகாரி ஸ்ரீதர் படிவத்தைத் திருப்பித் தள்ளினார்.

"அங்க யாருமே இல்லையாம்மா? சொந்த ஊர் எது?"

"கச்சால் தீவு சார், ரப்பர் தோட்டம். அப்பா அம்மா சிலோன்லேர்ந்து நேரா அங்கதான் வந்தாங்க. மெயின்லேண்டை நான் கண்ணால பாத்ததில்ல."

"விலாசம் இல்லாம ஏத்த முடியாது. ரூல்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ரூல் போட்ட மகராசன் ஒருநாளாவது இந்த வரிசையில் நின்றிருப்பானா? ஆனால் பொன்னம்மாக்கா அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. வரிசையைத் திரும்பிப் பார்த்து, சந்தையில் கீரை விற்கிற அதே குரலில், முதலில் இந்தியிலும் பிறகு தமிழிலும் கேட்டார்.

"மெயின்லேண்ட் மே கிசீகா கர் ஹை? யாருக்காவது அங்க வீடு இருக்கா? ஒரு விலாசம் வேணும். என் வீட்டுக்காரரு பொழைக்கணும்."

அந்தத் தைரியம் எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது.

வங்காளி மீன்காரர் ஒருவர் டயமண்ட் ஹார்பர் விலாசம் சொன்னார். தெலுங்குக் கொத்தனார் ஸ்ரீகாகுளம் என்றார். சென்னைக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எனக்கும் கொடுக்க ஆசைதான். விருத்தாசலம் வீட்டை அண்ணன் விற்று ஆறு வருஷமாகிறது. பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வரிசையிலிருந்து பாத்திரக்கடை ஜெய்னுதீன் பாய் என் முன்னால் வந்தார். "சென்னை மண்ணடியில என் தங்கச்சி சம்சாத் இருக்கா. எழுதிக்கங்க மேடம்."

"பேர் எழுதினா போதாது பாய். அவங்க பொறுப்பேத்துக்கணும்" என்றார் ஸ்ரீதர்.

பாய் அங்கேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தைக் கேட்ட சம்சாத்துக்கு இரண்டே சந்தேகம்தான். "எத்தனை பேரு வர்றாங்க? காரம் குறைக்கணுமா?"

ஸ்ரீதர் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதம் கழித்து, பொன்னம்மாக்காவோடு காத்தமுத்து அண்ணன் தன் காலால் நடந்து கவுண்டருக்கு வந்தார். கையில் முளைக்கீரைக் கட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"மெயின்லேண்ட் எப்படிக்கா?" என்று பொன்னம்மாக்காவைக் கேட்டேன்.

"ஆஸ்பத்திரியும் சம்சாத் வீடும்தான் பாத்தேன். நல்ல ஊரு."

அப்போது வரிசையில் பாராடாங் தீவிலிருந்து வந்த ஒருத்தி, இடுப்பில் சுருண்டு கிடந்த குழந்தையோடு, படிவத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள். விலாசக் கட்டம் காலி. பொன்னம்மாக்கா எட்டிப் பார்த்தார். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "எழுதிக்க வைஜெயந்தி" என்றார்.

கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை தடங்கலில்லாமல் சொல்லிவிட்டு, சம்சாத்துக்குப் போன் போட்டார்.