ஜன்னல் கம்பியில் செருகிய முடி

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் முடிவேரிலிருந்து தோல் வளர்த்தார்கள். வேரில் ஸ்டெம் செல் இருக்கிறது. இருபது நாளில் கைக்குட்டை அளவுக்குத் தோல் வந்துவிடும். யார் உடம்பில் ஒட்டினாலும் அந்தத் தோல் வேருக்குச் சொந்தக்காரியின் மனசுப்படிதான் நடக்கும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் இது.

மாரிக்கனியின் மகள் கனிஷ்காவுக்கு ரெண்டு வயசு. கொதிக்கிற கஞ்சிக்குள் வலது கையை விட்டுவிட்டாள். முழங்கை வரைக்கும் வெந்துபோனது.

"அம்மா தலையில பத்து முடி வேரோட பிடுங்கணும்" என்றார் நர்ஸம்மா.

பிடுங்குகிற ஆள் ஆம்பளை. அவர் முன்னால் கொண்டையை அவிழ்க்க மாரிக்கனிக்குக் கூச்சமாக இருந்தது. "வீட்டுல இருக்கு, கொண்டாறேன்" என்று ஓடிவந்தாள். சீப்பில் கழிகிற முடியைச் சுருட்டி ஜன்னல் கம்பியில் செருகி வைத்திருந்தார்கள். முடிக்காரர் வந்தால் வாங்கிக்கொண்டு பாத்திரம் தருவார். அவரோடு பேரம் பேசுவது நாத்தனார் தங்கபுஷ்பம். அவர் கிண்ணத்தை நீட்டினால் இவள் தூக்குவாளியோடுதான் உள்ளே வருவாள்.

அந்தச் சுருளை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள். தோல் வளர்ந்தது, ஒட்டினார்கள், கட்டையும் பிரித்தார்கள்.

"வா தாயி" என்று கையை நீட்டினாள் மாரிக்கனி. பிள்ளை சிரித்தபடி சாய்ந்தது. வலது கை அவள் கன்னத்தில் பளாரென்று அறைந்தது. பிறகு திரும்பி, பக்கத்தில் நின்ற தங்கபுஷ்பத்தின் கழுத்தை வளைத்துக்கொண்டது.

மாரிக்கனி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, நானும் அந்தக் கம்பியிலதான செருகுவேன்" என்றாள் தங்கபுஷ்பம் மெதுவாக. அவளுக்குப் பிள்ளை இல்லை.

வாய் 'அம்மா, அம்மா' என்று அழும். கை அம்மாவைத் தள்ளும். பத்து நாளாகப் பிள்ளையை மடியில் போட முடியவில்லை.

"பிள்ளையக் குடுத்துருங்க மதினி" என்று நாத்தனாரிடம் கேட்டாள் மாரிக்கனி.

"நானா வச்சிருக்கேன்? என் தோலுல்லா பிடிச்சு வச்சிருக்கு."

டாக்டரிடம் போனார்கள். "ஒட்டினதப் பிரிக்க முடியாது. உங்க தோல வேணா இவங்க கையில ஒட்டலாம். கணக்கு சரியாப் போயிரும்" என்றார் அவர் மாரிக்கனியிடம், தங்கபுஷ்பத்தைக் காட்டி.

முடி பிடுங்குகிற அதே ஆள் குறடோடு வந்தார். மாரிக்கனி கண்ணை இறுக மூடிக்கொண்டு கொண்டையை அவிழ்த்தாள்.

இருபது நாள் கழித்துத் தங்கபுஷ்பம் ரெண்டு கையையும் நீட்டினாள். "பாத்து ஒட்டுங்க சார். இத வச்சுத்தான் நான் சோறு பொங்கணும்."

அதற்குப் பிறகு சண்டை இல்லை. பிள்ளையின் வலது கை தங்கபுஷ்பத்தைத் தேடிப் போகும். அவளுடைய கைகள் பிள்ளையை வாங்கி, அவளைக் கேட்காமலே கொண்டுபோய் மாரிக்கனியின் இடுப்பில் வைக்கும். அப்போது தங்கபுஷ்பம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை முடிக்காரர் வாசலில் குரல் கொடுத்தார். தங்கபுஷ்பம் பேச வாயெடுத்தாள். அதற்குள் அவள் கைகள் ரெண்டும் ஆம்பளை முன்னால் கூச்சப்பட்டு அவள் முகத்தைப் பொத்திக்கொண்டன. அதனால் கனிஷ்கா முடிச்சுருளை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அவர் கிண்ணத்தை நீட்டினார். வலது கை அதைத் தட்டிவிட்டுத் தூக்குவாளியைக் காட்டியது. அவர் வாளியைக் கொடுத்தார்.

கை மூடியையும் கேட்டது.