வீட்டுக்கு ஓர் ஓடு

“பாதர்மார் போனபிறகு அந்தச் சனம் என்ன செய்திருக்குமெண்டு நீ நினைக்கிறாய், பிள்ளை?”

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஸாலிஹ் நானாவின் டைப்செட்டிங் கடையில் சிஸ்டர் ரொஷேல் அப்படிக் கேட்டபோது, அவருடைய புத்தகத்தை டைப் அடித்துக்கொண்டிருந்த தனுஷியாவின் விரல்கள் நின்றுவிட்டன. எழுந்து நின்று பாடம் ஒப்புவிக்கக் கூச்சப்பட்டே பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். அவள் என்ன நினைக்கிறாள் என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. “தெரியாது சிஸ்டர்” என்றாள். அந்தக் கேள்வியை வீடுவரைக்கும் பொத்திப் பிடித்துக்கொண்டு போனாள்.

சிஸ்டர் பொலிவியாவிலிருந்து லீவில் வந்திருந்தார். அங்கே அவர் இருக்கும் சான் தாதேயோ என்ற சின்ன ஊரின் வரலாறு, கோயில் திருநாளுக்குப் புத்தகமாக வரவேண்டும். குருமார் காட்டுக்குள் போய்க் கோயில் கட்டி, ஊரை உண்டாக்கினார்கள். பிறகு ஸ்பானிய அரசன் அவர்களைத் துரத்திவிட்டான். ‘அத்துடன் ஊரின் கதை முடிந்தது’ என்று எழுதிவிட்டு, சிஸ்டர் தன் சபை போய்ச் சேர்ந்த காலத்துக்குத் தாவியிருந்தார். நடுவில் வாழ்ந்த எத்தனையோ தலைமுறைகளைப் புத்தகத்தில் காணவில்லை.

ஆனால் பிழை பார்க்கும் புரூப் தாள்களுக்குக் காத்திருந்த இன்னொரு நாள் அவரே சிரித்துச் சிரித்துச் சொன்னார்: குருவானவர் இல்லாத அந்தக் கோயிலுக்கு, ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னர் வீட்டுக்கு ஓர் ஓடாகக் கொண்டுவந்து சனம் கூரையைத் திருத்துமாம். பூசை இல்லை, கூரை மட்டும் ஒழுகவில்லை.

அச்சுத் தாளை மடிக்கும் கணக்கில் புத்தகத்தில் ஒரு பக்கம் வெறுமையாக மிஞ்சியது. மிஞ்சினால் மாதா படம் போடுவது கடை வழக்கம். தனுஷியா படம் போடவில்லை. சிஸ்டர் சொன்ன கூரை ஓட்டுக் கதையை எழுதினாள்.

புரூபைப் பார்த்த ஸாலிஹ் நானா தலையில் கை வைத்தார்.

“என்ன மகள் இது? கஸ்டமர்ட எழுத்துல நாங்க கை வெக்கிறதா? சிஸ்டர் ஏசினா நாளைக்கு நீங்க வரத் தேவல்ல, வெளங்குதா?”

“ஓம் நானா.”

அவருடைய கோபமும் நியாயம்தான். சோதனை எழுதாதவளை, ஒரு கேள்வியும் கேட்காமல் வேலைக்கு எடுத்துக் கதிரையில் இருத்திய மனிதர். இந்த மூலையில் சத்தமாகப் பேசச் சொல்லி யாரும் அவளை வற்புறுத்தியதில்லை. இதை இழந்தால் வேறு எங்கே போவாள்?

புரூப் பார்க்க வந்த சிஸ்டர் நின்றபடியே அந்தப் பக்கத்தை வாசித்தார்.

“புள்ள தெரியாம செஞ்சிட்டா சிஸ்டர், இப்பவே எடுத்துருவோம்” என்றார் நானா.

சிஸ்டர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். “இதுக்கு ஆவணம் ஒண்டும் இல்லை, பிள்ளை. கதைதானே.”

தனுஷியா தாளைப் பார்த்தபடி சொன்னாள்: “கூரை இண்டைக்கும் இருக்குத்தானே, சிஸ்டர்.”

மின்விசிறி தாள்களைப் படபடக்க வைத்தது. சிஸ்டர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். முன்னால் உள்ள பக்கங்களைத் திருப்பி, ‘அத்துடன் ஊரின் கதை முடிந்தது’ என்ற தன் வரியை ஒரே கோடாக வெட்டினார். தாள்களை அடுக்கி அவள் பக்கம் தள்ளினார். அவள் நன்றி சொல்ல வாயெடுக்குமுன்னே, குடையை விரித்து, முச்சக்கர வண்டிகளுக்கு நடுவே வீதியைக் கடந்து போனார்.