கழற்றியதை மாட்டினாயா?

மூன்றாம் டேங்க்கின் காலடியில் ஒரு கிளாம்ப் கழன்று கிடப்பதாகப் பெயிண்டர் வந்து சொன்னான் என்று லோடிங் சூப்பர்வைசர் யார்ட் வாசல் போனிலிருந்து சொன்னார். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எவனோ செம்புப் பட்டையைத் திருட வந்து பாதியில் பயந்து ஓடியிருப்பான் என்பது அவர் ஊகம். எந்த லாரி நிரம்பிவிட்டது, எது கிளம்ப வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் அவர் மண்டையில் தங்காது. அதனாலேயே யார்டில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர்.

"பெயிண்டரைத் தொட வேணாம்னு சொல்லுங்க, சார். நான் பாத்துக்கறேன்," என்று போனை வைத்தாள் அக்கா.

ஆபீஸ் முழுவதற்கும் அவள் அக்காதான். அந்தக் கம்பெனிக்குப் பல ஊர்களில் தீப்பிடிக்கும் சரக்கு இருந்தது. இங்கே பெயிண்டில் கலக்கும் தின்னர் டேங்க்குகள், வேறிடத்தில் கேஸ் நிரப்பும் கொட்டகை, இன்னோரிடத்தில் தூசி பறந்தாலே வெடிக்கக்கூடிய பொடிக் கிடங்கு. எல்லாவற்றின் தலைமேலும் இடிதாங்கி உண்டு. அவற்றைக் காலாகாலத்தில் சோதித்தார்களா, அளவு சரியாக வந்ததா என்று மென்பொருளில் கண்காணிப்பது அக்காவின் வேலை. திரையில் ஒரு வரைபடம், அதில் புள்ளிகள். சோதனை சரியாக முடிந்திருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. மேலதிகாரிகள் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டுத்தான் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

மூன்றாம் டேங்க் பச்சையாகத்தான் இருந்தது. போன வாரம் சோதித்தது. சோதித்தவன் அவள் கூடப்பிறந்த தம்பி.

டேங்க்கின் உச்சியில் விழும் மின்னல், பக்கவாட்டில் இறங்கும் செம்புப் பட்டை வழியாக மண்ணுக்குள் போய்விட வேண்டும். அந்தப் பட்டையில் முழங்கால் உயரத்தில் ஒரு கிளாம்ப் இருக்கும். மண் மின்சாரத்தை எவ்வளவு ஏற்கிறது என்று அளக்க வருகிறவன் அதைக் கழற்றி, மேல் பட்டையையும் கீழ்ப் பட்டையையும் பிரித்து, கீழே மட்டும் மீட்டரை மாட்டி அளப்பான். அளந்து முடித்ததும் கிளாம்பைத் திரும்ப மாட்டிவிட வேண்டும். மாட்டாமல் வந்தால் அதற்குச் சோதிக்காமலே இருந்திருக்கலாம். மேலிருந்து இறங்கி வருகிற மின்னல் முழங்கால் வரை வந்து, கீழே படி இல்லை என்று கண்டால் எந்தப் பக்கம் குதிக்கும் என்று யார் சொல்வது? பக்கத்திலேயே தின்னர்.

மென்பொருள் அளவைக் கேட்கும். மீட்டரின் படத்தைக் கேட்கும். கழற்றியதை மாட்டினாயா என்று மட்டும் அது கேட்காது. பல் தேய்த்தவனிடம் வாய் கொப்பளித்தாயா என்று யாராவது கேட்பார்களா? மென்பொருளைச் செய்தவர்களுக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

தம்பியை வரச் சொன்னாள். அவனுக்கு அம்பது தாண்டியாயிற்று. எதையும் நிதானமாகச் செய்கிறவன் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு மின்னல் என்று பட்டம் கட்டியிருந்தார்கள். அவனும் அதற்கு ராஜா மாதிரி தலையாட்டுவான்.

"என்னக்கா, மூஞ்சியே சரியில்ல? மாமாவோட சண்டையா?"

"மூணாம் டேங்க்ல கிளாம்ப் தொறந்து கெடக்குதாம்."

"என் கிளாம்ப்பா? சான்சே இல்ல. நான் மாட்டிட்டு ரெண்டு தட்டு தட்டாம எந்திரிக்கவே மாட்டேனே."

அது உண்மைதான். எத்தனையோ வருடமாக அவன் அப்படித்தான். ஆனால் போன மாதம் அவன் மனைவி போன் செய்திருந்தாள். அண்ணி, உங்க தம்பி ஸ்கூட்டர்ல கடைக்குப் போயிட்டு நடந்து வந்திருக்காரு, ஸ்கூட்டர் எங்கேன்னு கேட்டா ஏது ஸ்கூட்டர்ங்கறாரு என்று சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். போனை வைத்த பிறகுதான் அப்பாவின் நினைப்பு வந்தது. அப்பாவுக்கும் இந்த வயதில்தான் ஆரம்பித்தது. கடைசியில் பெற்ற பெண்ணையே பார்த்து, நீங்க யாரைப் பாக்க வந்தீங்க என்று மரியாதையாகக் கேட்டார்.

தவறு செய்த சோதனையாளன் யாராக இருந்தாலும் விதி ஒன்றுதான். அவன் செய்த சோதனை எல்லாம் ரத்து, வாசல் அட்டை பறிமுதல், பிறகு டாக்டர். டாக்டர் என்ன சொல்வார் என்பது அக்காவுக்கு இப்போதே தெரியும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவதைத் தவிர வேறெதிலும் ருசி இல்லாதவன் அவன். வீட்டில் உட்கார வைத்தால் அப்பாவைப் போலச் சீக்கிரமே சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான். ஒரு தடவை மறந்ததற்காக இவனைக் காட்டிக்கொடுக்க வேண்டுமா? யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிட்டால் என்ன?

"ஒண்ணு பண்ணு. எல்லா டேங்க்கையும் ஒரு சுத்து சுத்தி, கிளாம்ப் இறுக்கமா இருக்கான்னு தொட்டுப் பாத்துட்டு வா. தொட்டுப் பாத்தா போதும். யார்கிட்டயும் சொல்லாத."

"ரகசிய போலீஸா? சரி சரி, போறேன்," என்று பையை எடுத்துக்கொண்டு போனான்.

ஜன்னலுக்கு வெளியே வானம் பழைய அலுமினியச் சட்டி போலக் கறுத்துக்கொண்டு வந்தது. அக்கா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சற்று நேரத்தில் முதல் டேங்க்கின் பச்சைப் புள்ளி ஒருமுறை சிமிட்டி, மறுபடி பச்சையானது. இன்றைய தேதி, புது அளவு, மீட்டரின் படம்.

முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. அளக்கச் சொல்லவில்லையே! பிறகு இரண்டாம் டேங்க் சிமிட்டியது. பச்சை. புது அளவு, இன்னும் நல்ல அளவு. அளவு வருகிறது என்றால் கிளாம்பைக் கழற்றியிருக்கிறான் என்று அர்த்தம். பார்க்கப் போன காரியம் பாதியில் கழன்று விழுந்து, பழகின காரியம் அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மூன்றாம் டேங்க்கும் பச்சை. வேறு யார் பார்த்தாலும் மனம் குளிரும் பச்சை. அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

போனில் கூப்பிட வழியில்லை. தீப்பொறிக்குப் பயந்து யார்டுக்குள் யாருடைய போனையும் விடமாட்டார்கள், வாசலில் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே அனுமதி உள்ளது ரப்பர் உறை போட்ட கம்பெனி டேப்லெட்டுக்கு மட்டும். அக்கா தன் போனைப் பெட்டியில் போட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது மஞ்சள் விளக்கு சுழல ஆரம்பித்தது. தூரத்தில் இடி என்று அர்த்தம். எல்லாப் புள்ளியும் பச்சையாக இருந்தால் மஞ்சள் விளக்கிலும் லாரி நிரப்பலாம் என்பது சட்டம். கடிகாரம் கையை வீசி லாரிகளை முடுக்கிக்கொண்டிருந்தார். மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டுமாம்.

முதல் டேங்க்கில் குனிந்து பார்த்தாள். கிளாம்ப் மாட்டியிருந்தது, இறுக்கமாக. கடவுளே என்று மூச்சு விட்டாள். நான்தான் வீணாகப் பயந்துவிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இரண்டாம் டேங்க்கில் கிளாம்ப் தரையில் கிடந்தது. போல்ட்டுகளை ஒழுங்காக ஒரு காகிதத்தின் மேல் வைத்திருந்தான். மூன்றாவதிலும் அப்படியே. திறந்து கிடந்ததை மூடப் போனவன், திறந்திருப்பதைக் கண்டதும் அளக்க உட்கார்ந்துவிட்டிருக்கிறான்.

நான்காவதிலும் அதே கதைதான். அதையும் கடந்து ஐந்தாவதற்கு ஓடினாள். தம்பி குத்துக்காலிட்டு உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாக்கா. பயப்படாத, எல்லாம் கிண்ணுன்னு இருக்கு."

"எந்திரி. என்கூட வா."

நான்காம் டேங்க்குக்குக் கூட்டிவந்து காட்டினாள். அவனுக்கு ரத்தம் தலைக்கேறியது. எவன் பார்த்த வேலை இது, மனுஷன் உயிரோடு விளையாடுகிறானே, அவன் கையை முறிக்க வேண்டாமா என்று பொரிந்தான். பேச்சு நடுவில் அவன் பார்வை தன் கையில் இருந்த ஸ்பானரில் விழுந்தது. பிறகு காகிதத்தில். அது அவன் காலையில் பையில் வைத்த பழைய பேப்பர்.

"நான்தானாக்கா?"

அவள் குனிந்து தரையில் கிடந்த கிளாம்பை எடுத்தாள்.

"மொதல்ல மாட்டுவோம், வா," என்றாள். ஒவ்வொரு டேங்க்காக அவள் பட்டையைச் சேர்த்துப் பிடிக்க, அவன் இறுக்கினான். கை என்னவோ பதறவே இல்லை. போல்ட் எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அங்கே நிறுத்தி, கடைசியில் இரண்டு தட்டுத் தட்டினான். அதைக் கேட்க அக்காவுக்குத் தாளவில்லை.

பம்ப் ஷெட்டின் ஓரத்தில் ஒதுங்கினார்கள். காற்று எழும்பிவிட்டது.

"இப்ப எல்லாம் மாட்டியாச்சில்ல? பச்சையும் பச்சைதான், டேங்க்கும் டேங்க்தான். அப்படியே விட்டுடுக்கா. இனிமே நான் ஜாக்கிரதையா இருப்பேன்."

அவளுக்கும் அந்த ஆசை இருந்தது. இங்கே இனி பச்சை பொய் இல்லை.

"மத்த ஊர்ல?" என்றாள்.

அவன் ஸ்பானரைப் பையில் போட்டான்.

"இந்த சீசன்ல கேஸ் கொட்டகைக்குப் போன, பொடிக் கிடங்குக்குப் போன. அங்கெல்லாம் மாட்டினியாடா?"

"மாட்டியிருப்பேன்."

"இருப்பேன்னா?"

"கண்ண மூடிப் பாக்கறேன்கா. கழட்டினது தெரியுது. மாட்டினது..." என்று கையை விரித்தான். "எல்லா ஊரும் ஒரே மாதிரி இருக்கு."

அக்கா அவனிடமிருந்து டேப்லெட்டை வாங்கித் தன் பெயரில் உள்ளே போனாள். இந்த மேகம் இங்கே மட்டுமா கவிந்திருக்கிறது? வரைபடத்தில் இடி எச்சரிக்கையின் மஞ்சள் பரவியிருந்த பாதி ஊர்களில் இவன் சோதித்த இடங்கள் இருந்தன. அங்கேயும் ஆட்கள் பச்சையை நம்பி லாரிகளை நிரப்பிக்கொண்டிருப்பார்கள். அவளால் எத்தனை ஊருக்கு ஓட முடியும்? தம்பி பெயரைத் தேர்ந்தெடுத்தாள். அவன் சோதித்தவை எல்லாம் வந்து நின்றன. ரத்து செய் என்பதைத் தொட்டாள். காரணம் என்ன என்று கேட்டது மென்பொருள். மீட்டர் கோளாறு, பதிவில் பிழை, சோதித்தவரின் தவறு என்று வரிசையாகக் காட்டியது.

தம்பியும் எட்டிப் பார்த்தான்.

"மீட்டர்னு போடுக்கா," என்றான் மெதுவாக. "மீட்டருக்கென்ன, பொண்டாட்டி புள்ளையா இருக்கு?"

அவளுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு முட்டியது. சிரித்தால் அழுகையாகிவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். மீட்டர் என்று போடலாம்தான். எல்லாம் சிவப்பாகும், எல்லா இடத்திலும் வேலை நிற்கும். ஒரு கெடுதலும் வராது, இன்றைக்கு. நாளைக்கு ஒரு புது மீட்டரை வாங்கி இவன் கையிலேயே கொடுத்து, போய் மறுபடி அளந்துவிட்டு வா என்று அனுப்புவார்கள். இவனும் சந்தோஷமாகப் போவான்.

"முடியாதுடா," என்றாள்.

"தெரியும். கேட்டுப் பாத்தேன்," என்றான். டேப்லெட்டின் ஒரு ஓரத்தை அவனும் பிடித்துக்கொண்டான். சோதித்தவரின் தவறு என்பதை அவள் தொட்டாள். வரைபடம் முழுக்க அம்மை போட்டதுபோலச் சிவப்புப் புள்ளிகள் எழும்பின. மஞ்சள் விளக்கு நின்று சிவப்பு விளக்கு சுழன்றது. பம்ப்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

கடிகாரம் மூச்சிரைக்க வந்தார்.

"யாரு மேடம் நிறுத்தச் சொன்னது? எல்லாம் பச்சையா இருந்ததே, நான் பாத்தேனே!"

அக்கா வாயைத் திறக்கும் முன் தம்பி முன்னால் வந்து நின்றான். "நான்தான் சார். கழட்டினத மாட்டாம விட்டுட்டேன். இங்க மட்டுமில்ல, எங்கெங்கேன்னு எனக்கே தெரியல." கடிகாரம் அவனையும் பார்த்தார், அக்காவையும் பார்த்தார். மழை வரும் முன்னே எல்லாரும் வெளியே போங்க என்று டிரைவர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே போய்விட்டார்.

வாசலில் காவலாளி தம்பியின் அட்டையை வாங்கிவைத்துக்கொண்டார். மேலிடத்து உத்தரவு அவர்கள் வருவதற்குள் வந்து சேர்ந்திருந்தது. பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த தம்பியின் போன் ஓயாமல் கிணுகிணுத்தது. ரத்தான ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு செய்தி, இடத்தின் பெயரோடு. அவன் ஒலியை அணைக்காமல் ஒவ்வொன்றாகப் படித்தான்.

"நான் போன எடமெல்லாம் இதுக்கு ஞாபகம் இருக்கு பாரு," என்றான்.

அக்காவின் காரில் ஏறும்போது பெருந்துளியாக விழ ஆரம்பித்தது. துடைப்பான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அடித்துக்கொண்டது. எதிரே வந்த வண்டிகள் எல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. தலைமை ஆபீஸிலிருந்து அக்காவுக்கு அழைப்பு வந்தது. கேஸ் கொட்டகையில் ரெண்டு திறந்து கிடக்கு, ஆளையெல்லாம் வெளியே அனுப்பியாச்சு, மத்த எடத்துக்கும் ஆள் போயிட்டிருக்கு என்றார்கள். தம்பி காதில் விழுந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவன் தெரு திரும்பும் இடத்தில் அக்கா காரை ஓரங்கட்டினாள். அவன் மனைவிக்கு என்ன வார்த்தையில் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை. நீ போய் முகம் கழுவிட்டு உக்காரு, அவகிட்ட நான் சொல்லிக்கறேன் என்றாள்.

"வேணாம்க்கா. என் பொண்டாட்டிகிட்ட நான்தான் சொல்லணும்," என்றான். கதவைத் திறக்கப் போனவன் அவள் பக்கம் திரும்பினான். "நீ சும்மா கூட வந்து நில்லு. சொல்ல வந்தத நான் மறந்துட்டேன்னா மட்டும் எடுத்துக் குடு."