எல்லா நாளும் ஒண்ணாந்தேதி

கேமராக்காரர் வந்ததும் கேமரா பதிவுப் பெட்டியத்தான் முதல்ல தட்டினாரு. டிவி கெட்டா எங்க வீட்லயும் அப்படித்தான் தட்டுவோம், இதுக்கு இவரு எதுக்குன்னு நினைச்சேன்.

"செத்துப்போச்சுண்ணே"ன்னாரு. சொன்ன பிறகு என் மூஞ்சியப் பாத்துட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு. "இல்ல... நான் பெட்டியச் சொன்னேன்."

"புரியுது. வேலையப் பாருங்க."

இது அண்ணன் கடை. அட்டைப்பெட்டி, டேப்பு, சணல் கயிறு, கண்ணாடிச் சாமான் உடையாம சுத்துற குமிழ் கவர். அதான் வியாபாரம். போன மாசம் ஒரு மத்தியானம் இதே மேசை மேல தலையச் சாய்ச்ச அண்ணன் அப்படியே போயிட்டாரு. சாயங்காலம் பக்கத்துக் கடை டெய்லர் எழுப்பிப் பாத்துட்டுத்தான் எங்களுக்குப் போன் பண்ணாரு. இதயம் நின்னு ரொம்ப நேரம் ஆச்சுன்னாரு டாக்டர். எவ்வளவு நேரம்னு கேட்டா, அதெல்லாம் துல்லியமாச் சொல்ல முடியாதுன்னுட்டாரு.

நடுவுல அண்ணி வந்துட்டுப் போயிருக்காங்க. அதான் விஷயம். சாப்பாடு கொண்டு வந்தவங்க, மனுஷன் அசந்து தூங்கறாருன்னு நினைச்சு, கேரியர வச்சுட்டு சத்தம் காட்டாமத் திரும்பிட்டாங்க. அன்னிலேர்ந்து அவங்க வாயில ஒரே கேள்வி. "நான் வந்தப்ப உயிர் இருந்துச்சா தம்பி?" அழுகை கிடையாது. பஸ் போயிடுச்சான்னு கேக்கற மாதிரி கேப்பாங்க. சாப்பிடுங்கன்னா சாப்பிடுவாங்க. படுங்கன்னா படுப்பாங்க. எழுந்து வந்து மறுபடியும் அதே கேள்வி. நான் என்னத்தச் சொல்ல? "இருந்திருக்காது அண்ணி"ன்னு சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு. எனக்கும் அழுகை வரல. உள்ளுக்குள்ள மரத்துக் கெடக்கு. அந்த எரிச்சல்ல கண்ணுல படறவங்க மேலெல்லாம் விழுந்து புடுங்கிக்கிட்டிருந்தேன்.

மேசைக்கு எதிர்ல ஒரு கேமரா இருக்கறது அண்ணிக்குத்தான் ஞாபகம் வந்துச்சு. வந்து பாத்தா, அது பதிவு பண்ற பெட்டியில விளக்கே எரியல.

கேமராக்காரர் மூடியக் கழட்டினாரு. கருகின வாடை குப்புனு வந்துச்சு. "போர்டு போயிடுச்சு. புதுசுதான் வைக்கணும். படமெல்லாம் பதிவான டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கு." கையோட கொண்டு வந்த புதுப் பெட்டியில பழைய டிஸ்க்க மாட்டினாரு. திரையில என்னமோ கேள்வி வந்துச்சு. மனுஷன் படிக்கவே இல்ல, கை பாட்டுக்கு மவுஸ் கிட்ட போகுது.

"என்ன கேக்குது அது?"

"டிஸ்க்கத் தயார் பண்ணட்டுமான்னு கேக்குதுண்ணே. எப்பவும் கேக்கறதுதான்."

"தயார் பண்றதுன்னா?"

"உள்ள இருக்கறத அழிச்சுட்டு..."

கையப் புடிச்சு வெடுக்குனு இழுத்தேன். "யோவ்! என்னய்யா வேலை பாக்கற நீ? அதைப் பாக்கத்தானே உன்னைக் கூப்பிட்டதே!"

"பழக்கதோஷம்ணே, மன்னிச்சுக்கங்க."

அட்டைப்பெட்டி அடுக்குல சாய்ஞ்சு நின்ன அண்ணி, "அழிஞ்சிடுச்சா?"ன்னாங்க.

"இல்ல அண்ணி."

"சரி."

இன்னொரு கடையில கழட்டின அதே மாடல் பழைய பெட்டி ஒண்ணு தன் கிட்ட இருக்கு, அதுல அழிக்காமப் பாக்கலாம்னு போயி எடுத்துட்டு வந்தாரு. மாட்டினதும் ஓடுச்சு. அண்ணன் போன தேதியத் தட்டினாரு. ஒண்ணுமில்ல. முந்தின நாள், ஒண்ணுமில்ல. அந்த மாசமே சுத்தமா காலி. அப்புறம் வருஷத்தப் பின்னாடி தள்ளிக்கிட்டே போனாரு. அண்ணன் கடையே தொறக்காத ஏதோ ஒரு வருஷத்து ஜனவரி ஒண்ணாந்தேதியில மொத்தமும் குவிஞ்சு கெடந்துச்சு.

"உள்ள பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும்ணே. அது போச்சுன்னா, கரண்ட் நிக்கறப்பல்லாம் தேதி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். ஆனா இந்தத் தெருவுல கரண்ட் அவ்வளவு போகாதே?"

போகாது. அண்ணன்தான். அட்டையும் காகிதமும் அடைச்ச கடை, ஒரு பொறி போதும்னு அவருக்கு பயம். சாத்தறப்ப லைட்ட மட்டும் அணைக்க மாட்டாரு, மெயின் சுவிட்சையே இறக்கிடுவாரு. மறுநாள் ஏத்துவாரு. இந்தப் பெட்டிக்கு விடிஞ்சா ஒண்ணாந்தேதி. நாங்க எவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கோம். மனுஷன் கேட்டாத்தானே.

ஒவ்வொண்ணாத் தொறந்தோம். அண்ணன் வாசல் கூட்டறாரு, டேப்பக் கிழிக்கறாரு, யாரோடயோ கையாட்டிப் பேசறாரு. கடைசியில எழுந்து மூலைக்குப் போயி கையத் தூக்கறாரு. திரை இருட்டு. அடுத்ததும் இருட்டுலதான் முடியுது. அதுக்கடுத்ததும். சொந்த அண்ணன் நடமாடறதப் பாக்கறேன், மனசு பாட்டுக்கு கல்லு மாதிரி இருக்கு.

"அந்தச் சட்டைக்கு காலர் கிழிஞ்சிருக்கும்"னு அண்ணி சொன்னாங்க. "தூக்கிப் போடுங்கன்னேன்."

"இங்க ரெண்டாந்தேதின்னு ஒண்ணு ஓடியிருக்கேண்ணே"ன்னாரு கேமராக்காரர். அண்ணன் போன அன்னிக்கு மெயினை இறக்க ஆளில்ல. டெய்லர் கதவ மட்டும் பூட்டியிருக்காரு. அதனால நிக்காம ஓடி அடுத்த தேதிக்குப் போயிருக்கு. அதுக்கு முன்னாடி உள்ளதுதான் அந்த நாள்.

அண்ணிய வெளியில உக்காருங்கன்னேன். காதுலயே வாங்கிக்கல.

படத்துல சத்தம் கிடையாது. அண்ணன் ஒரு பெட்டிய ஒட்டி முடிச்சாரு. தண்ணி குடிச்சாரு. நெஞ்சத் தடவிக்கிட்டாரு. மேசையில தலைய வச்சாரு. அப்புறம் அசைவே இல்ல. ஓட்டி விடவான்னு கேமராக்காரர் கேட்டாரு, வேணாம்னேன். ரொம்ப நேரம் உத்துப் பாத்தோம். கை, முதுகு, எதுவும் அசையல. கேமராக்காரர் மெதுவா, "முடிஞ்சிருச்சுண்ணே"ன்னாரு.

அதுக்கப்புறம் படத்துல அண்ணி வந்தாங்க. கேரியர வச்சாங்க. குனிஞ்சு பாத்தாங்க. போகத் திரும்பினவங்க நின்னு, ஒட்டி வச்ச அட்டைப்பெட்டிப் பக்கமா ஓடிக்கிட்டிருந்த டேபிள் ஃபேன அவரு பக்கம் திருப்பி வச்சாங்க. நேராப் படுதான்னு கைய நீட்டிப் பாத்தாங்க. போயிட்டாங்க. இதை அண்ணி எங்க யாருகிட்டயும் சொன்னதில்ல.

எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. "பாத்தீங்களா அண்ணி? நான்தான் சொன்னேனே. நீங்க வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாரு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. இனிமே மனசப் போட்டு வதைச்சுக்காதீங்க."

அண்ணி திரையையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அங்க காத்துல அண்ணனோட சட்டை உப்பி உப்பி அடங்குது. முடி ஆடுது.

"அப்ப அந்தக் காத்து அவருக்குப் படவே இல்லையா தம்பி?"

ஒரு மாசமா உயிர் இல்ல, இல்லன்னு நான் சொன்னது இதுக்கா? வாயத் தொறந்தேன். "பட்டிருக்கும் அண்ணி"ன்னு சொல்ல வந்தேன். எனக்கு அழுகைதான் வந்துச்சு.