ஒன்பதாம் பெட்டி

தேர்வாய் கண்டிகையில் தொழிற்பேட்டைக்காக நிலத்தைத் துளைபோட்டுப் பார்த்த இரண்டாயிரத்து எட்டில், குணசுந்தரிக்கு ஒரு ராஜவேலை வாய்த்தது. குழாயிலிருந்து உருளை உருளையாக வரும் பாறைத் துண்டுகளைக் கழுவி மரப்பெட்டியில் அடுக்க வேண்டும். நடவு நட்டு ஒடிந்த இடுப்புக்காரி, குடை நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலையை விடுவாளா? ஆனால் பாறை ஆய்வாளர் சரவணன் முதல் நாளே சட்டம் போட்டிருந்தார். குழாயிலிருந்து வந்த வரிசையிலேயே வைக்க வேண்டும். பெட்டியின் இடது முனை மேல்மட்டம், வலது முனை அடிமட்டம். கலைத்தவர் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

சரவணனுக்கு வயது இருபத்தாறு, பேச்சு அறுபதுக்கு. ஒவ்வொரு பெட்டியிலும் அடியில் வண்டல், மேலே கூழாங்கல் என்று காட்டி, கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் இங்கே மலை எழும்ப எழும்ப ஆறு வேகம் பிடித்துக் கல்லை உருட்டி வந்ததென்று டீ ஆறும்வரை விளக்குவார். அறிக்கையும் பாதி எழுதியாயிற்று.

அவர் சாப்பிடப் போன ஒரு மத்தியானம், கொட்டகைக்குத் தூக்கிப் போன ஒன்பதாம் பெட்டி குணசுந்தரியின் கையிலிருந்து நழுவியது. துண்டுகள் சரிவில் உருண்டன. ஓடிப்போய்ப் பொறுக்கி, உடைந்த முனைக்கு முனை பொருத்தினாள். எது மேல், எது கீழ் என்பதற்கு மட்டும் அவள் யோசிக்கவே இல்லை. ஏரி உடைந்து வயலில் பாய்ந்தால் கல் முதலில் படியும், வண்டல் கடைசியில் படிந்து வெயிலில் வெடிக்கும். இந்தப் பாறையிலும் அதே வெடிப்புகள் இருந்தன. மற்ற பெட்டிகளில் சார் சொன்னபடி வைத்தவள், இதில் கண் சொன்னபடி வைத்தாள். பிறகு ஒன்றும் தெரியாதவள் போல நகத்தில் அழுக்கெடுத்தாள்.

வந்தவர் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். ஒன்பது மட்டும் தலைகீழ். ஆடு உருட்டியிருக்கும் என்று சொல்லிப் பார்த்தாள். ஆடு முனை பொருத்தி அடுக்குமா என்று கேட்ட சரவணன், இது துளைபோடும் பாக்கியராஜின் வேலைதான் என்று அவரை வீட்டுக்கு அனுப்பக் கிளம்பினார். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. தான் சரியாக அடுக்கியதை அவர் தப்பென்றது அதைவிடப் பொறுக்கவில்லை.

“நான்தான் சார் கீழ போட்டேன். அனுப்புறதுன்னா என்னை அனுப்புங்க. சேறு வெடிச்சா வாய் மேலதான் தொறக்கும். ஒம்பதுல மேல தொறந்துகினு கீது. உங்க மத்த பொட்டியெல்லாம் கீழ பாத்துகினு கீது. இன்னா, பூமிக்கு உள்ளேருந்தா வெயில் அட்ச்சுது?”

சரவணன் பாக்கியராஜின் குழாயருகே போய் நின்றார். குழாயைக் கவிழ்த்ததும் முதலில் விழுந்தது அடிமுனைத் துண்டு. அதுதான் இத்தனை நாளும் பெட்டியின் இடது முனைக்கு, மேல்மட்டமாகப் போயிருந்தது. வந்த வரிசையிலேயே வைக்கச் சொன்னவர் அவரேதான். மலை எழும்பிய கதையெல்லாம் போயிற்று. வெள்ளம் வந்து, வடிந்து, காய்ந்து, மறுபடி வெள்ளம் வந்த பூமி இது. அவர் முகத்தைப் பார்க்கக் குணசுந்தரிக்கே பாவமாக இருந்தது. சட்டம் சட்டம்தானே என்று தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

“எங்கம்மா கிளம்பிட்டீங்க?” என்றார் சரவணன், தலை நிமிராமல். “இன்னும் முப்பத்தாறு பெட்டி இருக்கு. அதையும் கீழ போட்டுட்டு, அதே மாதிரி அடுக்கிடுங்க.”