சகலைகள் சமாதானமான ஐந்தாம் நாள்

அந்தப் பயணத்தின் முதல் ஐந்து நாட்களில், சகலைகள் இருவரும் சண்டை போட்ட நேரத்தில் மட்டுமே காற்று வீசியது. மூத்தவர் பல் மருத்துவர். இளையவர் லிஃப்ட் மெக்கானிக். பதினோரு வருடங்களுக்கு முன் மருத்துவர், இளையவருக்கு வலித்த பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கினார். அடுத்த மாதமே, இளையவர் பழுதுபார்த்த லிஃப்டில் மருத்துவர் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டார். அன்றோடு பேச்சு நின்றது. இவர்களைச் சேர்த்துவைக்கத்தான் மனைவிமார், அதாவது அக்காவும் தங்கையும், தென்னந்தீவுகளுக்கிடையே ஒரு வாரம் சுற்ற எஞ்சின் இல்லாத பாய்மரப் படகைப் பிடித்தார்கள். குடும்ப நண்பரான பூகோள வாத்தியாரும் கூட வந்தார்.

நிழலில் யார் உட்காருவது என்று முதல் நாள் ஜாடைப் பேச்சு தொடங்கியபோது பாய் லேசாகப் படபடத்தது. பல் விஷயம் வந்ததும் புடைத்து நின்றது. லிஃப்ட் விஷயத்தில் மட்டும் பதினெட்டு மைல் போனதாக வாத்தியார் குறித்துவைத்திருக்கிறார். படகோட்டி இதில் ஆச்சரியம் எதுவும் காட்டவில்லை. பாறைகள் வரும்போது மட்டும், "கொஞ்சம் மெதுவாத் திட்டுங்க சார்" என்பார்.

ஐந்தாம் நாள் இளையவருக்குப் பல்வலி வந்தது. மருத்துவர் இளையவரின் கருவிப்பெட்டியில் இருந்த குறட்டையே வாங்கி, இந்த முறை சரியான பல்லைப் பிடுங்கினார். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். காற்று நின்றது.

கடல் துடைத்துவைத்த தட்டு மாதிரி கிடந்தது. கரை கண்ணுக்கே தெரியவில்லை. குடிதண்ணீர் ஒரு கேன்தான் மிச்சம். எப்படியாவது ஒரு சண்டை போடுங்கள் என்று மனைவிமார் கெஞ்ச, இருவரும் கடமையாக எழுந்து நின்றார்கள்.

"என் பல்லைக் கெடுத்ததே நீங்கதான்."

"ஆமா தம்பி, தப்பு என் மேலதான்."

"விடுங்கண்ணே, நான்தான் வாயைச் சரியாத் திறக்கல."

பாய் அசையவே இல்லை. ஏழாம் நாள் காலை கேனில் கால்வாசி இருந்தபோது தங்கை சொன்னாள்: "எல்லாம் உன் யோசனைக்கா."

"படகுன்னு சொன்னது யாருடி? நான் மலைக்குப் போலாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

வாத்தியாரின் தொப்பி பறந்தது. பள்ளிக்கூட நாளில் குடையைத் தொலைத்தது யார் என்பதுவரை பேச்சு போனபோது படகோட்டி பாதிப் பாயைச் சுருட்டிக் கட்டினார். அப்படியும் இரண்டு நாள் தூரத்தை இரண்டரை மணி நேரத்தில் கடந்தார்கள். துறைமுகத்தில் மூன்று தகரக் கூரைகள் போயின.

அதன்பின் ஆறு வருடம் சகலைகள் ஞாயிறுதோறும் சேர்ந்து டீ குடித்தார்கள். அக்காவும் தங்கையும் அதே துறைமுக ஊரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தார்கள். அந்த ஆறு வருடமும் துறைமுகத்தில் காற்றுக்குக் குறைவில்லை. சென்ற மாதம் தங்கை என்ன நினைத்தாளோ, அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே போனவள் இரண்டு நாள் வெளியே வரவில்லை; சிரிப்புச் சத்தம் மட்டும் தெருமுனைவரை கேட்டது. நாற்பது படகுகள் நின்ற இடத்திலேயே நின்றன. யாரும் குறை சொல்லவில்லை. துறைமுக அலுவலகத்துக் குமாஸ்தா வானிலைப் பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டியால் எழுதினார்: "அக்கா தங்கை பேசிக்கொண்டிருக்கிறார்கள். இன்று படகு இல்லை."