செவலை குடித்த தண்ணீர்

முப்பது மணி நேரம் ஓடிவந்த லாரியின் பின்கதவு இறங்கியது. மூன்று குதிரைகளில் இரண்டு தாமாகவே நடந்து வந்தன. மூன்றாவதான செவலையைத்தான் கெஞ்சிக் கூத்தாடி இறக்க வேண்டியிருந்தது.

லாரியை ஓட்டிவந்தவள் தங்கை. லாயத்தின் மருத்துவர் அவளுடைய அக்கா.

"மத்த ரெண்டும் வழியில பிடிச்ச தண்ணிய நல்லா குடிச்சுதுங்க. இவ வாயே வைக்கலக்கா."

அக்கா செவலையின் கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டாள். உடனே படிய வேண்டிய தோல், உடம்பில் நீர் வற்றியதால் அப்படியே நின்றது. ஸ்டெதஸ்கோப்பை விலாவுக்குப் பின்னால் வைத்தாள். கடமுடவென்று உருள வேண்டிய குடலில் சத்தமே இல்லை.

"ஒரு மணி நேரம் பாப்போம். அப்பவும் குடிக்கலன்னா மூக்கு வழியா குழாய் விட்டுத்தான் ஆகணும்."

தங்கை ஓடிப்போய் வாளியில் குழாய்த் தண்ணீர் பிடித்து வந்தாள்.

வழியெல்லாம் தலை தூக்கியே நின்றதில் சளி சேர்ந்திருக்கும். குனிந்தால்தான் அது வடியும் என்று நனைத்த புல்லை அக்கா தரையில் போட்டாள். செவலை குனிந்தது, ஒரே தும்மலில் அக்காவின் சட்டையை நனைத்தது. புல்லைத் தொடவில்லை. வாளியை நீட்டினால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஆப்பிள் சாறு கலந்தும் பார்த்தார்கள்.

"இவகிட்ட மாப்பிள்ளை முறுக்கு தோத்துது போ!" என்றாள் அக்கா.

தங்கை வாளியை முகர்ந்தாள். "அக்கா! இந்தக் குழாய்த் தண்ணியில மருந்து வாடை அடிக்குது. இவ பொறந்ததுலேர்ந்து கிணத்துத் தண்ணிதான் குடிச்சிருக்கா!"

அடுத்த நிமிடம் லாரிக்கு ஓடினாள். புறப்படும்போது தான் குடிப்பதற்காக அந்தக் கிணற்றிலேயே பிடித்த கேனில் பாதி மிச்சம் இருந்தது. வேறு வாளியில் ஊற்றினாள்.

செவலையின் காதுகள் நிமிர்ந்தன. மூக்கு இறங்கியது. தொண்டையில் ஒரு மிடறு ஓடியது. இன்னொன்று!

"குடிக்கறா! அக்கா, குடிக்கறா!"

"கத்தாதடி, மிரண்டுடப் போறா!" என்ற அக்காவின் குரல்தான் உரக்க இருந்தது.

வாளி காலியாவதற்குள் குழாய்த் தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கலந்தாள் தங்கை. இரண்டாவது வாளியில் பெரும்பாலும் குழாய்த் தண்ணீர்தான். செவலை கண்டுகொள்ளவே இல்லை. பிறகு முற்றத்தில் மெதுவாக நடத்தினார்கள். நண்பகலில் நடை நின்றது, வால் உயர்ந்தது. பொத்தென்று லத்தி விழுந்தது. குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

சகோதரிகள் கட்டிக்கொண்டு குதித்தார்கள். சரியாக அப்போது செவலையின் முதலாளியம்மாவிடமிருந்து போன்.

"என் பொண்ணு எப்படிம்மா இருக்கா?"

"லத்தி போட்டுட்டாம்மா! அருமையான லத்தி!" என்று கூவினாள் தங்கை.

அந்தப் பக்கம் விம்மலும் சிரிப்பும் சேர்ந்து கேட்டன. செவலை அதற்குள் பக்கத்துக் குதிரையின் புல்லில் வாய் வைத்திருந்தது.